பாண்டியர் தளர்ச்சியும் மதுரை மாநகரும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏலமலைச் சரிவில் ஏறி நின்று கீழ்த்திசை நோக்குவார்க்கு, குரங்கணிப் பக்கத்து மலைகளினின்றும் இழியும் கொட்டகுடியாறு ஊரின் மருங்கே ஓடிச் செல்லும் காட்சி இனிது புலனாகும். அவ்வாறு தேனிப் பக்கத்தே பிற ஆறுகளோடு கூடி வையையை அடைந்து மதுரைக்குச் செல்கின்றது. நீர் என்றும் மலையினின்று மதுரையை நோக்கியே சென்றது. மதுரை நிலைகுலைந்த நாள்களிலோ, மக்கள் அந்நீரை எதிர்த்து மலையை நோக்கி வந்தனர்.

கீழை வாயிலாற் புகுந்து மேலை வாயிலாற் போந்த கண்ணகியார், வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து மலையேறிய செய்தியைச் சிலப்பதிகாரம் கூறும். கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவிக் கோட்டத்தை அவர்தங் கோட்டமெனவே இப்பக்கத்தார் போற்றிச் சித்திரைப் பூரணை நாளில் மலையேறி வழிபடுவர். ஏலமலைக்கு அப்பாலுள்ள பூஞ்சாற்றில் வாழ்ந்த குறுநில மன்னரும் தம் முன்னோர் மதுரைப் பாண்டியர் எனவும், மானவிக்கிரம குலசேகரன் என்பவன் அரசிழந்து மேற்கே போந்து, கூடலூரில் தங்கிப் பின்னர் மலை கடந்தான் எனவும் கூறுவர். அவன் புறப்பட்ட காலத்தைப் பலர் பலவாறு கணிப்பர். ஏலமலையை அடுத்த கண்ணன்தேவன் மலைகளை 1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு உரிமை எழுதிக் கொடுத்தவரும் இக்குடியினரே. அவர்கள் பூஞ்சாற்றில் முதற்கண் நாடியது மதுரை மீனாட்சியம்மையாரையே. அம்மைக்கு ஆண்டுக் கோயிலுண்டு.

இங்ஙனம் அரசர் நீங்கிய பின்னர் மதுரையில் நின்றவர் யாவர், நின்றது யாது என்பதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

போடிக்குத் தெற்கே நெடுந்தொலைவில் இல்லாத சின்னமனூரில் இரண்டு தொகுதிச் செப்பேடுகள் கிடைத்தன. அவற்றுட் பெரியது மூன்றாம் இராசசிம்ம பாண்டியன் வெளியிட்டது. மகாபாரதம் தமிழிற் செய்வித்தமையும், மதுரையிற் சங்கம் வைத்தமையும் தம் முன்னோர் புகழாக அதன்கட் கூறப்படுகின்றன. அத்துணைப் பெருமிதத்தோடு தன் குலப்புகழ் எழுதுவித்த அவ்வரசனே முற்காலப் பாண்டியப் பேரரசின் இறுதி மன்னன் ஆயினான் என்பது வியப்பும் இரக்கமும் ஒருங்கே தருவது. முதற் பராந்தக சோழன் படையெடுத்து வந்தான். ஈழத்தரசன் அனுப்பிய படையும் பாண்டியனுக்குத் துணையாக வந்தது. கி.பி. 915-ஐ ஒட்டி வெள்ளூரில் நிகழ்ந்த போரில் இரு படையும் தோற்றன. பராந்தகன் 'மதுரை கொண்ட' கோப்பரகேசரி என்னும் பெயர் புனைந்தான். இராசசிம்மன் கடல் கடந்து ஈழஞ் சென்று, ஆண்டும் துணை பெறாது, தன் முடியையும் அரசச் சின்னங்களையும் அங்கேயே வைத்துவிட்டுத் தன் தாய்பிறந்த சேரநாடு புகுந்தான் எனச் சூளவமிசம் கூறும். அம்முடி ஏறத்தாழ நூறாண்டு ஈழத்திற் கிடந்தது. பராந்தகன் வேண்டியும் பெற்றிலன். பின்னர் இராசேந்திர சோழனே அதனைக் கவர்ந்தான். அவன் மதுரையில் மாளிகையொன்றெடுத்துத் தன் மகனைச் 'சோழ பாண்டியன்' என்னும் பட்டத்தோடு அங்கே அமர்த்தினான். முடி ஒரு நாட்டில், முடிக்குரியோன் ஒரு நாட்டில், அரண்மனை மாற்றான் கையில் என்று மதுரை முதன்முறை அரசிழந்த கோலம் இது. நகரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதனினும் கொடிதாகிய இரண்டாம் வீழ்ச்சியை இனி நோக்குவாம்.

கி.பி. 1251-இல் முடிசூடிய முதற் சடையவர்மன் சுந்தரபாண்டியன் தில்லைப் பொன்னம்பலத்தையும் அரங்கத்தையும் பொன் வேய்ந்தமை யாவரும் அறிவர். அவனுக்குப்பின் வந்த மாறவர்மன் குலசேகரன் 1268 தொடங்கி நாற்பதாண்டுக்கு மேல் ஆண்டான். 1279-க்குப் பின்னர்ச் சோழ அரசு பெயரளவிலும் இல்லையாயிற்று. ஈழத்தினின்றும் புத்தரது பல்லைப் பாண்டியன் படைத்தலைவர் கொண்டுவர, அந்நாட்டரசன் தானே பாண்டியனிடம் வந்து பணிந்து அதனை மீட்டுச் சென்றான். தம் முடியை ஈழத்தில் வைத்துவிட்டு நீங்கியவன் மரபினர்க்கு இஃது ஒரு பழிமீட்சியாகத் தோன்றியிருத்தல் கூடும்.

இச்செல்வநிலையின் உள்ளே நோயும் உடனிருந்தது. அதனைக் கண்டு எழுதியவர் அயலார் இருவர். வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இந்நாட்டுக் கடற்கரைக்கு வந்தவர். பாண்டியனும் அவன் உடன்பிறந்தாரும் ஆளுக்கு இரண்டாயிரங் குதிரைக்கு மேல் ஆண்டுதோறும் வாங்குவர் என்றும், பேணும் முறையறியாமையால் அவ்வாண்டிறுதியில் நூறு குதிரையும் எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் விரித்துரைக்கின்றார். ஆண்டுக்குப் பதினாயிரங் குதிரைகள் இக்கரைக்கு வந்தன. ஒன்றன் விலை 220 பொற்காசு. ஆக 22 இலட்சம் பொற்காசு குதிரைக்கே சென்றது. இப்பணம் எங்கிருந்து வந்ததென அவர் கூறுவதே நம் சைவ அன்பர்கள் உற்று நோக்கத் தகுவது. கோயில்களுக்கு விடப்பட்ட நிலங்களின் வருவாயும், கோயில் மகளிர்மேல் விதித்த வரியும் இதற்குச் செலவிடப்பட்டன என்கின்றார். அயலார் கூற்று, தொகையில் மிகைபட்டிருத்தல் கூடும். ஆயினும், திருவிளக்கிற்கும் திருவமுதிற்கும் என்று எழுதிவைத்த பொருள், ஓராண்டும் உயிர்வாழாத குதிரைகளாய் மாறி மடிந்தது என்பதனைக் கேட்ட பின்னரும், மதுரையை அழித்தவர் வடவரே என்று மட்டும் கூறி அமைதல் நேர்மையாகாது.

அமையாமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. குலசேகரனுக்கு உரிமைத் தேவி வயிற்றுப் பிறந்த சுந்தரன், காமக்கிழத்தி வயிற்றுப் பிறந்த வீரன் என மக்கள் இருவர். தந்தை வீரனுக்கு முடியளிக்கக் கருதினமையாற் சினந்த சுந்தரன் 1310-இல் தந்தையைக் கொன்றான் என வஸ்ஸாப் எழுதுகின்றார். உடன்பிறந்தார் போர் மூண்டது. சுந்தரன் தோற்று வடவர் துணை நாடினான் என்பாரும் உளர். அன்று என்பாரும் உளர். அழைத்தானோ அழைத்திலனோ, வாயிற்கதவு உள்ளிருந்தே திறந்துகிடந்தது.

1311-இல் தில்லிச் சுல்தான் அலாவுதீனது படைத்தலைவனாகிய மாலிக் காபூர், போசள நாடு கடந்து தமிழகம் புகுந்தான். பாண்டியர் நேர்நின்று போர் செய்திலர். காட்டிலும் மழையிலும் மறைந்து திரிந்தனர். அவன் மதுரையை அடைந்த நாளில் நகர் வெறிதாய்க் கிடந்தது. அரசன் தேவிமாரோடு நீங்கிவிட்டான். சொக்கநாதர் கோயிலில் இரண்டு மூன்று யானைகளே நின்றன. சினங்கொண்ட காபூர் கோயிலுக்குத் தீயிட்டான். இவ்வளவும் அப்படையின் புகழ்பாடிய அமீர் குஸ்ரு எழுதியவை. காபூர் கொண்டுசென்ற யானைகள் 512 என்கிறார் அவர். 612 என்கிறார் பரணி. குதிரைத்தொகை ஐயாயிரம் என்றும் இருபதினாயிரம் என்றும் வேறுபடும். எண்ணிக்கை எதுவாயினும், மேலே கூறிய குதிரைகளுள் உயிரோடெஞ்சியவை எவர்க்குப் பயன்பட்டன என்பது விளங்குகின்றது.

காபூர் அவ்வாண்டே திரும்பிவிட்டான். ஒரு பேரரசு மீண்டெழுதற்கு இதுவே காலம். பாண்டிய உடன்பிறந்தாரோ ஒருவரையொருவர் பொருதலை விட்டிலர். மேற்கே கொல்லத்தினின்றும் இரவிவர்மன் குலசேகரன் பாண்டிநாடு கடந்து காஞ்சிவரை சென்று கல்வெட்டுப் பொறித்தான். வடக்கேயிருந்து காகதீயர் படை வந்தது. ஒரு வீட்டார் தம்முட் கலகம் செய்யுங்கால் அயல்வீட்டார் வேலி கடத்தல் உலகியல்பு. 1323-இல் தில்லிப்படை மீண்டும் வந்தது. இம்முறை திரும்பிச் செல்லவில்லை. மதுரை தில்லியின் ஆணைக்குட்பட்ட நகராயிற்று. 1335-ஐ ஒட்டி அங்கிருந்த தலைவன் ஜலாலுதீன் ஆசன்ஷா தானே சுல்தானெனப் பெயர் புனைந்து தனியாட்சி தொடங்கினான்.

பாண்டியரைப் பற்றிய நோய் அவ்வரியணையையும் பற்றியது. ஆசன்ஷா சில ஆண்டுகளிற் கொல்லப்பட்டான். அவனுக்குப்பின் வந்தவன் ஓராண்டில், போர்க்களத்தில் நீருண்ணத் தலைச்சீரா களைந்தபோது எவனோ எய்த அம்பினால் மாண்டான். அடுத்தவன் நாற்பது நாள் ஆண்டு கொலையுண்டான். அதன்பின் வந்தவனே கியாசுதீன். இவன் காலத்தில் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா மதுரைக்கு வந்தார். ஆசன்ஷாவின் மகளை அவர் மணந்திருந்தார். கியாசுதீனும் அவன் மகளொருத்தியை மணந்தவனாதலின், இருவரும் உறவினர். ஆயினும் அவர் எழுதியவை உறவினர்க்குப் பரிந்து எழுதியவை அல்ல. காட்டில் அகப்பட்ட எளிய மக்களை, மகளிரும் குழவிகளும் உட்படக் கழுவேற்றியும் வெட்டியும் கொன்ற கொடுமையைக் கண்டு, இத்தகைய இழிசெயலை வேறெவ்வரசனும் செய்யக் கண்டிலேன் என்றும், அதனாலேயே இறைவன் அவன் சாவை விரைவித்தான் என்றும் எழுதுகின்றார். தம் சமயத்தானாகிய அரசனை, தம் உறவினனை, இங்ஙனம் கண்டித்தெழுதிய அவரது நடுவுநிலை பாராட்டற்குரியது. சமயத்தின்மேற் பழி சுமத்தாது செய்தவன்மேற் பழி சுமத்துதல் வேண்டும் என்பதற்கு அவர் எழுத்தே சான்று.

மதுரையை அவர் அகன்ற தெருக்களையுடைய பெருநகர் என்கின்றார். மாளிகைகளும் வீதிகளும் அப்போதும் இருந்தன. மக்களோ மாண்டுகொண்டிருந்தனர். கொள்ளைநோயொன்று பரவிப் பற்றினோர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இறந்தனர். வெளியே சென்றபோதெல்லாம் நோயாளியையும் பிணத்தையுமே கண்டதாகக் கூறுகின்றார். உடல்நலமுடையவள் என்று சொல்லி விற்கப்பட்ட பணிப்பெண்ணொருத்தியை வாங்கினார். அவள் மறுநாளே இறந்தாள். அந்நோயில் சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் இறந்தனர். 1342-இல், எண்பதாண்டு நிரம்பிய போசள வேந்தன் மூன்றாம் வல்லாளன் சுல்தானை எதிர்த்துப் பொருது, சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததனைத் தாமே கண்டதாகவும் பதூதா எழுதுகின்றார். கம்பணவுடையாரின் தேவியாகிய கங்காதேவியார் பாடிய மதுராவிசயம் என்னும் வடமொழிக் காவியமும், பூசையற்ற கோயில்களையும் வெட்டுண்ட தென்னஞ்சோலைகளையும் சொல்லி வருந்துகின்றது. காவியமாதலின் அதன்கண் அணிமிகை இருத்தல் இயல்பு. பதூதாவினது கண்டார் கூற்று.

இக்காலத்தில் கோயிலின் நிலை யாது? சைவர் உள்ளம் முதலில் வினவுவது இதுவே. மதுரைக் கோயிலில் பணிபுரிந்தார் மரபில் எழுதப்பட்ட ஸ்தானிகர் வரலாறு இதற்கு விடை தருகின்றது. படை வருமென்றறிந்தவர்கள் கருவறையில் எழுந்தருளியிருந்த சொக்கலிங்கப் பெருமானைச் சுற்றிக் கிளிக்கூடு அமைத்து, மணல் நிரப்பி, வாயிலைக் கற்சுவரால் அடைத்தனர். அதன் முன்னே அர்த்தமண்டபத்தில் வேறொரு இலிங்கத்தை, அதுவே மூலமூர்த்தியென்று வருவோர் எண்ணுமாறு நிறுவிவைத்தனர். நாற்பத்தெட்டாண்டு பூசையின்றிக் கோயில் அடைபட்டுக் கிடந்தது. தில்லிப்படை மதுரையைக் கைக்கொண்ட 1323-ஐயும் கம்பணர் மீட்ட 1371-ஐயும் ஒப்பிட்டு நோக்கின் இவ்வெண் பொருந்துதல் காண்க. கம்பணர் வந்து சுவரை நீக்கி மணலை அகற்றியபோது, முன்னாள் சாத்திய மாலை வாடாமலும், சந்தனம் உலராமலும், விளக்கு அவியாமலும் இருந்தன என அவ்வரலாறு முடிக்கின்றது. விளக்கு அவியாதிருத்தல் கூடுமோ என்று வினவுவார் வினவுக. யாம் நோக்குவது பிறிதொன்று. அவ்வாயிலை அடைத்தார் தம் வாழ்நாளில் அது திறக்கப்படுமென்று அறிந்திலர். நாற்பத்தெட்டாண்டு என்பது ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம். அச்சுவருக்குப் பின்னே யாதுளது என்பதனைத் தந்தை மகனுக்குச் சொல்ல, மகன் பிறர்க்குச் சொல்லாது காத்திருந்தாலன்றிக் கம்பணர்க்கு எவர் இடங்காட்டியிருப்பர்? கொள்ளைநோயும் கழுமரமும் கண்ட நகரில் இம்மறைபொருள் காக்கப்பட்டது. பாண்டியர்க்குப் படையிருந்தது, யானையிருந்தது, கருவூலமிருந்தது. அவர் நகரைக் காத்திலர். இவர்கட்கு மணலும் கல்லும் நாவடக்கமுமே இருந்தன.

மதுரை வரலாற்றில் இது புதிதுமன்று. நின்றசீர் நெடுமாறர் சைவம் நீங்கிச் சமணஞ் சார்ந்திருந்த காலத்தில், நெறி காத்தவர் அரசரல்லர். மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாருமே திருஞானசம்பந்தப் பெருமானை வரவழைத்தனர்.

கம்பணர்க்குப் பின் மதுரை மீண்டதாயினும் பாண்டியர் மீண்டிலர். அவர்கள் தெற்கே பொருநை நாட்டிற் குறுநில மன்னராய்ச் சுருங்கினர். அவருள் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் தென்காசியில் விசுவநாதர் கோயிலை 1446-இல் தொடங்கினான். ஆண்டுள்ள கல்வெட்டுப் பாடல்களில், இத்திருப்பணியைப் பிற்காலத்திற் குறைவறக் காப்பவர் எவராயினும் அவர்தம் அடியில் தன் சுற்றத்தோடு விழுந்து பணிவதாக அவன் கூறுகின்றான். சேரனையும் சோழனையும் ஈழவனையும் பணியச் செய்தோமென்று மெய்க்கீர்த்தி பாடுவித்த குடியில் வந்தவன், இன்னும் பிறவாத, பெயரறியாத ஒருவன் காலில் விழுகின்றான். அரசு நிலைத்திராதென்பதனை அவன் அறிந்துவிட்டான். கோயில் நிற்றல்வேண்டுமென்னும் கவலையொன்றே அவனுக்கு எஞ்சியது. இடியாலும் தீயாலும் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற அத்தென்காசிக் கோபுரம் 1990-இல் மீண்டும் கட்டப்பெற்றுக் குடமுழுக்குக் கண்டது. யாரை நோக்கி அப்பாண்டியன் விழுந்தானோ அவர்கள் ஐந்நூறாண்டு கழித்தேனும் வந்தனர்.

மதுரையோடு கங்கைகொண்ட சோழபுரத்தை ஒப்பிட்டு நோக்கல் தகும். இராசேந்திரன் எடுத்த அம்மாநகர் இருநூற்றைம்பதாண்டுக் காலம் சோழர் தலைநகராயிருந்தது. அரசு மாய்ந்தது, நகரும் உடன் மாய்ந்தது. அரண்மனை நின்ற இடம் மாளிகைமேடென்னும் மண்மேடாயிற்று. அகழ்ந்தபோது செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகளே தோன்றின. கருவூர்த்தேவர் திருவிசைப்பாப் பெற்ற அப்பெருங்கோயில் மட்டும் வயல்களின் நடுவே நிற்கின்றது. அதன் மதிற்கற்களையும் 1836-இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டுதற்குப் பெயர்த்துச் சென்றனர். அங்கும் கோயிலிருந்தது, இங்கும் கோயிலிருந்தது. அந்நகர் மாய, இந்நகர் வாழ்ந்ததேன்? அஃது அரசன் ஒருவன் கருத்திற் பிறந்த நகர். குடிகள் அரசனைச் சூழ்ந்து குடியேறினர். அவன் போகவே அவர்களும் போயினர். மதுரையோ பாண்டியர் பெயரெடுக்கும் முன்னரே வையைத் துறையிலும் வாணிகப் பெருவழியிலும் அமைந்த ஊர். அதன் ஆடி, சித்திரை, ஆவணிமூல, மாசி வீதிகள் கோயிலைச் சூழ்ந்தே ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன, அரண்மனையைச் சூழ்ந்தல்ல. நெய்வாரும் விற்பாரும் பூத்தொடுப்பாரும் அவ்வீதிகளிலிருந்து வாழ்ந்தமையின், அரசன் போயினும் அவர்கட்குப் போக்கிடமும் இல்லை. போகவேண்டிய கட்டாயமும் இல்லை. கோயில் நிற்றலால் மட்டும் நகர் நில்லாது. கோயிலுக்கு நாடோறும் கடமையுடைய குடிகள் நிற்றல்வேண்டும் என்பது எம் கருத்து. வேறு காரணம் காட்டுவாருளரேல் அறிந்து மகிழ்வோம்.

பின்வந்த விசுவநாத நாயக்கர் பாண்டியரது பழங்கோட்டையை நீக்கிப் பெருங்கோட்டையொன்றெடுத்து, அதன் 72 கொத்தளங்களையும் 72 பாளையக்காரர் காவலில் வைத்தார் என்பது மரபு. போடிநாயக்கனூர்ப் பாளையமும் அவ்வெழுபத்திரண்டனுள் ஒன்று. வடவர் படைக்கஞ்சி ஆந்திர நாட்டுக் குத்தியினின்றும் தெற்கே போந்தவர் இப்பாளையத்தாரின் முன்னோர் என்பர். மதுரையை விட்டு மலைக்கு ஓடினாரைப் பற்றித் தொடக்கத்திற் கூறினோம். அதே கலக்கத்தில் ஓடிவந்த பிறிதொரு குடியார் அம்மலையடியில் தங்கி மதுரை மதிலைக் காக்கும் பணியேற்றனர். நாயக்கர் ஆட்சியும் 1736-இல் அரசி மீனாட்சியோடு முடிந்தது. அதன்பின் வந்த கலகங்கள் யாவரும் அறிந்தவை; விரிக்கவில்லை. 1840-ஐ அடுத்த ஆண்டுகளில் பிளாக்பர்ன் என்னும் கலெக்டர் அக்கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். அவ்விடங்களில் வெளிவீதிகளும் பிறவும் எழுந்தன. ஏலமலை அடிவாரத்தார் காத்த கொத்தளம் எதுவென்று இன்று காட்டுவாரில்லை. பாண்டியர் கோட்டையில் எஞ்சியது, கோயிலுக்குக் கிழக்கேயுள்ள விட்டவாசல் ஒன்றே. அவர்தம் அரண்மனையோ ஒன்றும் நிற்கவில்லை.

போடியினின்று மதுரைக்கு 1928-இல் இருப்புப்பாதை அமைந்தது. அகலப்படுத்தற்பொருட்டுச் சில்லாண்டு நின்றிருந்த அவ்வண்டி 2023 முதல் மீண்டும் ஓடுகின்றது. ஏலமலைச் சரிவிலிருந்து அவ்வழியே மதுரை செல்லும் அன்பர்கள், சொக்கநாதர் சந்நிதிப் பிராகாரத்தை வலம்வருங்கால், சிதைந்த இலிங்கத் திருமேனியொன்றைக் காணலாம். மூலமூர்த்தியை மறைத்தற்கு முன்னே நிறுத்தப்பெற்று, அவர்மேல் விழவேண்டிய அடியைத் தான் ஏற்ற இலிங்கம் அதுவே என்பர். பெரும்பாலோர் அதனைக் காணாதே கடந்து செல்கின்றனர்.